பாரிஸில் இப்போது மணி என்ன? ஐரோப்பாவின் நேரக் கணக்கு, புதுச்சேரியிலிருந்து

“அங்க இப்ப மணி என்ன இருக்கும்?” என்ற கேள்வி எழாத தெரு புதுச்சேரியில் குறைவு. 1962-ல் பிரெஞ்சிந்தியா சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்ட குடும்பங்கள், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்களின் பிள்ளைகள், பின்னால் படிக்கவும் வேலை பார்க்கவும் போனவர்கள் என்று பாரிஸிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர். அந்தக் கேள்விக்கு ஒருவர் “நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால்” என்பார். பக்கத்து வீட்டுக்காரர் “இல்லை, நாலரை” என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். வருடத்தில் ஏறக்குறைய ஏழு மாதம் முதல் ஆள் சரி, மீதி ஐந்து மாதம் இரண்டாம் ஆள் சரி.

இது ஏன் இப்படி என்று அடியிலிருந்து பார்த்துவிடலாம். ஒருமுறை புரிந்துவிட்டால் பாரிஸுக்கு மட்டுமல்ல, லண்டன், ஏதென்ஸ், லிஸ்பன் எதற்கு வேண்டுமானாலும் மனக்கணக்காகவே நேரம் சொல்ல முடியும்.

சூரியன் காட்டும் மணி

பூமி ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது. வட்டத்துக்கு 360 பாகை, நாளுக்கு 24 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருப்பவருக்குச் சூரியன் முதலில் உதிக்கும். மேற்கே போகப் போக, பாகைக்கு 4 நிமிடம் வீதம் தாமதமாகும். நேர மண்டலம் என்ற விஷயம் முழுக்க இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இதை நம் மொட்டை மாடியிலேயே பார்க்கலாம். ஒரு குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி வைத்து, அதன் நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று கவனியுங்கள். சூரியன் உச்சிக்கு வரும் நேரம் அதுதான். கடிகாரம் அப்போது 12 காட்டும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் புதுச்சேரியில் சராசரியாக 12 மணி 11 நிமிடம் ஆகியிருக்கும். இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அது உத்தரப் பிரதேசத்தில் பிரயாக்ராஜுக்குப் பக்கமாகப் போகும் கோடு. நாமோ 79.8 பாகையில் இருக்கிறோம். வித்தியாசம் 2.7 பாகை, நான்கால் பெருக்கினால் 11 நிமிடம். கடலூருக்கும் இதே கணக்குதான். அதுவும் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருக்காது. பிப்ரவரி நடுவில் உச்சி 12.25-க்கு வரும், நவம்பர் தொடக்கத்தில் 11.54-க்கே வந்துவிடும். பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும்தான் காரணம். அதனால்தான் ‘சராசரியாக’ என்று சொன்னேன். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இதை ஒரு நாள் கட்டாயம் செய்து காட்டுங்கள். கடிகார மணியும் சூரிய மணியும் வேறு வேறு என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

ரயில் வரும் வரை இந்த வித்தியாசம் யாரையும் பாதிக்கவில்லை. ஒவ்வொரு ஊரும் தன் உச்சிப் பொழுதை வைத்தே மணி பார்த்தது. ரயில் வந்த பிறகு, ஊருக்கு ஒரு மணி என்றால் கால அட்டவணையே போட முடியாது என்றாகிவிட்டது. இந்தியாவில் ரயில்கள் வெகுகாலம் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தில் பார்த்துச் சொன்ன நேரம் அது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது அந்தக் காலத்தில்தான். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்ற இன்றைய இந்திய நேரம் 1906-ல் வந்தது.

இங்கிலாந்தின் கிரீன்விச் வழியாகப் போகும் கோட்டைச் சுழியாக வைத்துக்கொள்வது என்று 1884-ல் வாஷிங்டனில் பல நாடுகள் கூடி முடிவு செய்தன. பிரான்ஸ் அந்த வாக்கெடுப்பில் எந்தப் பக்கமும் சேரவில்லை. அதன் பிறகும் பல வருடம் பாரிஸ் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் 1911-ல் இறங்கி வந்தபோதும், சட்டத்தில் கிரீன்விச் என்ற பெயரை எழுதவில்லை. ‘பாரிஸ் சராசரி நேரத்தில் 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது’ என்று எழுதினார்கள். அப்படிக் குறைத்தால் வருவது கிரீன்விச் நேரம்தான்! மணி என்ன என்று முடிவு செய்வதில் சூரியனைவிட அரசாங்கங்களுக்குத்தான் பங்கு அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஐரோப்பாவின் மூன்று பட்டைகள்

இன்று எல்லா நாடுகளும் தங்கள் நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்றுதான் சொல்கின்றன. நடைமுறையில் அதைக் கிரீன்விச் நேரம் என்றே நினைத்துக்கொள்ளலாம். நாம் அதற்கு ஐந்தரை மணி முன்னால்.

ஐரோப்பாவின் பெரும்பகுதியைக் குளிர்கால நேரப்படி மூன்று பட்டைகளாகப் பிரிக்கலாம். பிரிட்டன், அயர்லாந்து, போர்ச்சுகல் ஆகியவை கிரீன்விச் நேரத்திலேயே இருக்கின்றன. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், போலந்து, சுவீடன் எல்லாம் ஒரு மணி முன்னால். கிரீஸ், ருமேனியா, பல்கேரியா, பின்லாந்து, உக்ரைன் போன்றவை இரண்டு மணி முன்னால். அப்படியென்றால் குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி பின்னால், பாரிஸ் நாலரை, ஏதென்ஸ் மூன்றரை.

இந்த நடுப் பட்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஸ்பெயினின் மேற்குக் கரையில் இருக்கும் வீகோ நகரம் கிரீன்விச்சுக்கு மேற்கே கிட்டத்தட்ட 9 பாகையில் இருக்கிறது. போலந்தின் கிழக்கு எல்லை கிழக்கே 24 பாகை. இடையில் 33 பாகை. நான்கால் பெருக்குங்கள்: 2 மணி 12 நிமிடம். ஆக, போலந்து எல்லையில் சூரியன் உச்சிக்கு வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் வீகோவில் உச்சிக்கு வருகிறது. ஆனாலும் இரண்டு இடத்திலும் கடிகாரம் ஒரே மணியைத்தான் காட்டும். நம் நாட்டிலும் இதே கதை உண்டு. குஜராத்தின் மேற்கு முனைக்கும் அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு முனைக்கும் இடையே 29 பாகை, அதாவது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்து, ‘பாகான் டைம்’ என்று தனி நேரம் வைத்துக்கொள்வது அதனால்தான்.

வரைபடத்தைப் பார்த்தால் பாரிஸ் கிழக்கே 2.3 பாகையில்தான் இருக்கிறது. சூரியனைக் கேட்டால் அது லண்டன் பட்டையில் இருக்க வேண்டிய ஊர். 1940 வரை அப்படித்தான் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பாரிஸைப் பிடித்தபோது அங்கே பெர்லின் நேரம் நடைமுறைக்கு வந்தது. போர் முடிந்த பிறகும் பிரான்ஸ் பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. ஸ்பெயினும் அதே 1940-ல் பிராங்கோவின் ஆட்சியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அதுவும் அப்படியே நின்றுவிட்டது. போர் நடக்காமல் இருந்திருந்தால் இன்று நமக்கும் பாரிஸுக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம் இருந்திருக்கக்கூடும்.

கோடை நேரம் எதற்கு?

இனி அந்த மூன்றரை, நாலரைக்கு வருவோம்.

புதுச்சேரியில் வருடத்திலேயே நீளமான பகல் 12 மணி 50 நிமிடம் அளவுக்கு இருக்கும். மார்கழியில் வரும் குட்டைப் பகல் ஏறக்குறைய 11 மணி 25 நிமிடம். இரண்டுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசமில்லை. பாரிஸில் ஜூன் மாதத்துப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பர் பகல் எட்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவுக்குப் பகல் இழுத்துச் சுருங்கும். நாம் 12 பாகையில் இருக்கிறோம், பாரிஸ் 49 பாகையில்.

கடிகாரத்தை மாற்றாமல் விட்டால், ஜூன் மாதம் பாரிஸில் சூரியன் 4.47-க்கு உதித்து இரவு 8.58-க்கு மறையும். காலை ஐந்து மணிக்கு முன்பே வரும் வெளிச்சம் பெரும்பாலும் ஊர் தூங்கும்போதே வீணாகப் போய்விடும். எல்லாரையும் ஒரு மணி நேரம் முன்பே எழுந்திருக்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிட்டால், பள்ளி, அலுவலகம், ரயில் எல்லாமே சேர்ந்து ஒரு மணி முன்னே நகர்ந்துவிடும். உதயம் 5.47, அஸ்தமனம் 9.58. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் நாலு மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும். இதுதான் கோடை நேரம். வெளிச்சம் ஒரு நிமிடம்கூடக் கூடுவதில்லை. காலையில் இருந்ததை மாலைக்கு மாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த யோசனையை 1895-ல் நியூசிலாந்தில் ஜார்ஜ் ஹட்சன் என்பவர் முன்வைத்தார். பூச்சிகளைச் சேகரித்து ஆராய்ந்தவர் அவர். வேலை முடிந்து பூச்சி தேட மாலையில் வெளிச்சம் வேண்டும் என்பது அவர் கவலை. 1907-ல் இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்ற கட்டடக்காரர், ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாகத் தள்ளலாம் என்று எழுதினார். யாரும் செவிசாய்க்கவில்லை. முதல் உலகப்போரில் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், 1916-ல் ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் முதலில் நடைமுறைப்படுத்தின. சில வாரங்களுக்குள் பிரிட்டனும் பிரான்ஸும் பின்தொடர்ந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவிலும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்திருந்தார்கள். பிரான்ஸ் இடையில் கைவிட்டிருந்த கோடை நேரத்தை, 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1976-ல் மறுபடி கொண்டுவந்தது. அன்று தொடங்கியதுதான் இன்றுவரை நடக்கிறது.

ஞாயிறு காலை ஆறரை

பலரும் கவனிக்காத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் முழுவதும் ஒரே கணத்தில் கடிகாரத்தை மாற்றுகின்றன. பிரிட்டனும் அதே கணத்தில்தான் மாற்றுகிறது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு, இரண்டு நாளும் யூடிசி 1 மணிக்கு. நம் ஊரில் அப்போது காலை 6.30.

அந்த நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசி ஞாயிறு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இன்னும் வண்டிகளை விடவில்லை. காந்தி சிலைப் பக்கம் நடைப்பயிற்சிக்காரர்கள் போய் வருகிறார்கள். சூரியன் கடலுக்கு மேல் ஏறிவிட்டது. மணி 6.29. லண்டனில் 12.59, பாரிஸில் 1.59, ஏதென்ஸில் 2.59. ஒரு நிமிடம் கழிந்ததும் இங்கே 6.30 ஆகிறது. லண்டனில் 2 மணி, பாரிஸில் 3 மணி, ஏதென்ஸில் 4 மணி. அந்த நாளில் பாரிஸில் 2.15 என்றோ 2.40 என்றோ ஒரு நேரமே கிடையாது. நமக்கும் பாரிஸுக்கும் இருந்த நாலரை மணி நேர வித்தியாசம் அந்தக் கணமே மூன்றரை ஆகிவிடுகிறது. மூன்று பட்டைகளும் ஒன்றாக நகர்வதால் அவற்றுக்குள் இருக்கும் ஒரு மணி வித்தியாசம் ஒரு நொடிகூடக் குலைவதில்லை.

அக்டோபரில் இது திரும்ப நடக்கும். பாரிஸில் 3 மணி ஆக வேண்டிய கணத்தில் கடிகாரம் 2-க்குத் திரும்புகிறது. அதனால் 2 முதல் 3 வரையுள்ள ஒரு மணி நேரம் இரண்டு தடவை வருகிறது. இரவு ஷிப்ட் பார்க்கும் செவிலியர் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும். அந்த இரவு 2.20-க்கு ஒரு குழந்தை பிறந்தால், எந்த 2.20 என்று கேட்க வேண்டும். ஜாதகம் எழுதும் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. ஒரு மணி நேரம் தவறினால் லக்னமே மாறிவிடலாம். பிரான்ஸில் 1976-க்குப் பிறகு கோடை மாதங்களில் பிறந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் இருப்பது கோடை நேரம் என்று ஜாதகம் கணிப்பவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

தேதியைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு மாதத்துக்கும் 31 நாள். ஆகவே கடைசி ஞாயிறு எப்போதும் 25-க்கும் 31-க்கும் நடுவில்தான் விழும். 2026-ல் மார்ச் 29, அக்டோபர் 25. 2027-ல் மார்ச் 28, அக்டோபர் 31. மார்ச்சில் தொடங்குவது மூன்றரை என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

எங்கெல்லாம் தடுமாறும்

பேரன் பள்ளி விட்டு வந்து மாலை 4 மணிக்கு வீடியோ அழைப்பில் வருவான் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலம் முழுக்க இங்கே இரவு 8.30-க்கு போன் அடிக்கும். மார்ச் கடைசி ஞாயிறு தாண்டியதும் 7.30-க்கே அடிக்கும். “என்னடா கண்ணு, இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்ட?” என்று ஆயா கேட்பார். அவனுக்கு அது அதே 4 மணிதான்.

வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பிரெஞ்சு நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்போ கணக்கோ பார்த்துத் தருகிறவர்கள் புதுச்சேரியில் உண்டு. பாரிஸ் காலை 10 மணிக்கு வாராந்திரக் கூட்டம் என்றால், இங்கே குளிர்காலத்தில் பிற்பகல் 2.30, கோடையில் 1.30, சரியாகச் சாப்பாட்டு நேரம். அந்தக் கூட்டத்தை அவர்கள் நாள்காட்டியில் பாரிஸ் நேரமாகப் போட்டிருந்தால் நம் பக்கம்தான் நகரும். நாம் இந்திய நேரமாகப் போட்டிருந்தால் அவர்கள் பக்கம் 10 மணி 11 ஆகிவிடும். எந்த ஊர் நேரத்தில் போடுகிறோம் என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

விமான டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் அச்சாகியிருக்கும். சென்னையில் இரவு 1.30-க்குக் கிளம்பிப் பத்தரை மணி நேரம் பறந்தால், நம் கணக்கில் பகல் 12 மணிக்கு இறங்க வேண்டும். டிசம்பரில் போனால் பாரிஸில் அப்போது காலை 7.30, ஜூலையில் போனால் 8.30. அழைத்துப் போக வருகிறவருக்கு நாம் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை; டிக்கெட்டில் இருக்கும் இறங்கும் நேரத்தை அப்படியே சொன்னால் போதும்.

பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தல் புதுச்சேரியிலும் நடக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இங்கேயே வாக்களிக்கிறார்கள். அங்கே இரவு 8 மணிக்குத்தான் முடிவு குறித்த முதல் கணிப்புகளை வெளியிடுவார்கள். 2022-ல் இரண்டு சுற்றும் ஏப்ரலில் நடந்தன. கோடை நேரம் வந்துவிட்டதால் இங்கே அது 11.30. மார்ச் தொடக்கத்தில் வைத்திருந்தால் நள்ளிரவு தாண்டி 12.30 வரை விழித்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

கைப்பேசியில் இரண்டாவது கடிகாரம் வைக்கும்போது ‘யூடிசி கூட்டல் 1’ என்று தேர்ந்தெடுக்காதீர்கள். ‘பாரிஸ்’ என்று ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். எண்ணைப் பிடித்தால் அது வருடம் முழுக்க அங்கேயே நிற்கும். ஊரைப் பிடித்தால், அந்த ஊரில் எந்த நாளில் கோடை நேரம் வரும், எந்த நாளில் போகும் என்ற வரலாறும் விதிகளும் கைப்பேசிக்குள்ளேயே இருக்கின்றன, தானாக மாறிக்கொள்ளும்.

மாறாத ஊர்களும் உண்டு. ரஷ்யா 2011-ல் கடிகாரம் மாற்றுவதை நிறுத்தியது. துருக்கி 2016 முதல் நிரந்தரமாக மூன்று மணி முன்னால் நிற்கிறது. ஐஸ்லாந்து வருடம் முழுக்க கிரீன்விச் நேரத்திலேயே இருக்கிறது. தமிழ் வம்சாவளியினர் நிறைய வாழும் ரீயூனியன் தீவு பிரான்ஸைச் சேர்ந்ததுதான். ஆனால் அது இந்தியப் பெருங்கடலில் நமக்கு ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது. எந்த மாதமும் மாறாது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு தூரமில்லாத தீவுக்குக் கோடை நேரத்தால் பெரிய பயனும் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் மாற்றுகின்றன, ஆனால் தேதி வேறு: மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் உள்ள வழக்கமான ஆறு மணி நேர வித்தியாசம் ஐந்தாகிவிடும். இரண்டு பக்கமும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இந்த வாரங்களில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த மாற்றத்தையே நிறுத்திவிடலாம் என்று 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் வாக்களித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மக்களிடம் கருத்துக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் அனுப்பியிருந்தார்கள். அவர்களில் 84 சதவீதம் பேர் நிறுத்தத்தான் சொன்னார்கள். ஆனாலும் உறுப்பு நாடுகளின் அரசுகளுக்குள் உடன்பாடு ஏற்படாததால் அது நடைமுறைக்கு வரவில்லை. நிறுத்துவது என்று வந்தால், நிரந்தரமாகக் கோடை நேரமா, குளிர்கால நேரமா என்று ஒவ்வொரு நாடும் முடிவு செய்ய வேண்டும். பிரான்ஸ் கோடையைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்து பெல்ஜியம் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தால், தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான். நம் கணக்கில் பார்த்தால், பிரான்ஸ் கோடை நேரத்தில் நிலைத்துவிட்டால் வருடம் முழுக்க மூன்றரை, குளிர்கால நேரத்தில் நிலைத்துவிட்டால் வருடம் முழுக்க நாலரை.